ஒரு நாளைக்கு ஒரு ரவை

உக்காருங்கம்மா, இந்தப் பெஞ்சு ஆடாது. அந்தப் பக்கம் இருக்குறதுதான் ஆடும். எத்தனாம் நம்பர் உங்களுக்கு? இருபத்திரெண்டா? அப்ப சாயங்காலம் ஆயிரும். உள்ள ஒரு ஆளுக்கு முக்கா மணி நேரம் எடுக்குறாங்க. அப்பாவுக்கா? சக்கரையா? கால் எரிச்சல்னா நரம்பு டெஸ்டுக்கு இங்கதான் அனுப்புவாங்க. பெரியவரை அந்த ஃபேனுக்குக் கீழ உக்கார வைங்க. பயப்பட வேணாம்னு சொல்லுங்க. கரண்டு வைப்பாங்க, சுருக்கு சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான். ஊசிதான் கொஞ்சம் வலிக்கும், அதுவும் எல்லாருக்கும் போட மாட்டாங்க.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீங்களா. இதோ இந்த வலது கை. மடியில கெடக்குது பாருங்க, மணிக்கட்டுக்குக் கீழ ஒடிஞ்ச கெளை மாதிரி. ஆனி மாசத்துலேர்ந்து இப்படித்தான். எனக்குப் பதினஞ்சாம் நம்பர். இப்ப உள்ள போனாளே, கத்திரிப்பூ கலர் சேலை, அவ பதினாலு. என் ஓர்ப்படி. கொழுந்தன் பொண்டாட்டி, சுகந்தின்னு பேரு. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல வாக்கப்பட்டு, ஒரே அடுப்புல வெந்து, இப்ப ஒரே ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். வீட்டுல என்ன நெனச்சுக்கிட்டிருக்காங்கன்னா, அவ எனக்குத் தொணைக்கு வந்திருக்கான்னு. கை வராதவ தனியா பஸ் ஏற முடியுமா, பையைத் தூக்க ஆள் வேணாமா. அப்படிச் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். உண்மையில இன்னிக்கு வந்ததே அவளுக்காகத்தான். வீட்டுல கேட்டா காட்டணுமேன்னு எனக்கும் சேத்து டோக்கன் போட்டேன்.

நாங்க மெஸ் வச்சிருக்கோம். பைபாஸ் ஓரத்துல, இன்ஜினியரிங் காலேஜுக்கு எதிர்ல. வாசல்ல போர்டு இருக்கும், பச்சை எழுத்துல, ‘வீட்டுப் பெண்களின் கைப்பக்குவம்’னு. அந்த வீட்டுப் பெண்கள் யாருன்னு கேட்டா நானும் இவளும்தான். காலையில இட்லியும் மத்தியானம் சோறும் ஆம்பளைங்க ரெண்டு பேரும் பாத்துக்குவாங்க. அதைக் குத்தம் சொல்ல மாட்டேன், ரெண்டு பேருமே உழைப்பாளிங்க. ஆனா ராத்திரி சப்பாத்தி எங்க தலையில. நானூறு சப்பாத்தி. மத்தியானம் மூணு மணிக்கு மாவு பிசைய உக்காந்தா எட்டரை வரைக்கும் பலகையும் கட்டையும்தான். நான் பத்தொம்பது வருஷம் தேச்சிருக்கேன். அவ பதினோரு வருஷம்.

வெளியிலேர்ந்து ஒரு பொம்பளையைப் போட்டா என்னன்னு கேப்பீங்க. நானும் கேட்டிருக்கேன். எங்க அத்தை ஒத்துக்க மாட்டாங்க. போர்டுல அப்படி எழுதி வச்சுட்டு வெளியாளை மாவுல கை வைக்க விட்டா அது பொய் இல்லையாம்பாங்க. புள்ளைங்களைப் பெத்தவங்க போர்டைப் படிச்சுட்டுத்தானே இங்க சாப்பிடுன்னு சொல்லிட்டுப் போறாங்கம்பாங்க. அத்தை கெட்டவங்க இல்லம்மா. ஒரு தடவை சொன்னா சொன்னதுதான். அதுதான் கஷ்டமே.

கை எப்படிப் போச்சுன்னா, கிரைண்டர்கிட்ட அரிசி களைஞ்ச தண்ணி கெடந்துச்சு. வழுக்கி விழுந்தேன். மேல் கை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல, மளுக்குன்னு சத்தம் எனக்கே கேட்டுச்சு. எங்க வீட்டுக்காரர் வண்டி எடுக்க ஓடினார். அத்தை வேணாம்னுட்டாங்க. அவங்க பொறந்த ஊர்ல ஒரு கட்டுக்காரர் இருக்கார், அவங்களுக்குப் பதினாறு வயசுல கால் ஒடிஞ்சப்ப அவரோட அப்பாதான் கட்டிவிட்டாராம், அந்தக் காலை வச்சுக்கிட்டுத்தான் அம்பது வருஷமா நிக்கிறேன்னாங்க. நிக்கிறாங்கதான். அதுக்கு மேல என்ன பேசுறது. கூட்டிட்டுப் போனாங்க. முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் கொழைச்சுப் பூசி, துணி சுத்தி, மூங்கில் பத்தை வச்சு இறுக்கிக் கட்டினார்.

வலின்னா வலி, உயிர் போற வலி. கட்டு இறுக்குதுன்னு அழுதேன். எலும்பு கூடும்போது வலிக்கத்தான் செய்யும், வலிச்சா கட்டு பிடிக்குதுன்னு அர்த்தம்னாங்க. மூணாம் நாள் வலி கொறைஞ்சுச்சு. வீட்டுல எல்லாருக்கும் சந்தோசம். அத்தை கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் குடுத்தாங்க. உண்மையில வலி கொறையலைம்மா, கை மரத்துப் போயிருந்துச்சு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்க யாருக்கும் தெரியலை. எனக்கும்தான் தெரியலை. ஒம்பதாம் நாள் டம்ளரை எடுக்கக் கையைத் தூக்கறேன், தூக்குது, மணிக்கட்டு மட்டும் கீழ தொங்குது. விரலை நீட்டச் சொல்றேன், கேக்க மாட்டேங்குது. அடுத்தவங்க கை மாதிரி பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

அப்புறம்தான் இங்க வந்தோம். டாக்டர் திட்டல. படத்தைப் பாத்துட்டு, இந்த எலும்பை ஒட்டியே ஒரு நரம்பு சுத்திக்கிட்டுப் போகுது, அது நசுங்கியிருக்கு, எலும்பு ஒடிஞ்சப்பவே நசுங்குச்சா கட்டினதுல நசுங்குச்சான்னு இப்பச் சொல்ல முடியாதுன்னார். அத்தை பக்கத்துலதான் நின்னாங்க. ‘சொல்ல முடியாது’ங்கறதை மட்டும் புடிச்சுக்கிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் யார் கேட்டாலும், டாக்டரே சொல்ல முடியாதுன்னுட்டார்ம்பாங்க.

எனக்குப் புரியுற மாதிரி சொன்னது அந்தப் பயிற்சி குடுக்குற பொண்ணுதான். கண்ணாடி போட்ட பொண்ணு, மாடியில இருக்கு. அக்கா, நரம்பு அறுந்து போகலை, மேல இருக்குற உறை அப்படியே இருக்கு, உள்ள ஓடுற நூல்தான் பட்டுப் போச்சு, அந்த உறைக்குள்ளயே புது நூல் மொளைச்சு வரும்னுச்சு. எவ்வளவு வேகமா வரும்னு கேட்டேன். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். எனக்கு மில்லிமீட்டர் தெரியும், பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். ஆனாலும் அந்தப் பொண்ணு என் மூஞ்சியைப் பாத்து யோசிச்சு, ஒரு ரவை அளவுன்னு வச்சுக்குங்கக்கான்னுச்சு. ஒரு நாளைக்கு ஒரு ரவை. மாசத்துக்கு ஒரு இஞ்ச். அது வர்ற வரைக்கும் தசை காத்துக்கிட்டிருக்கும், ஆனா சும்மா வச்சிருந்தா காஞ்சு போயிரும், மூட்டு இறுகிரும், அதனால தினமும் மடக்கி நீட்டணும், மணிக்கட்டைத் தாங்குற இந்தப் பட்டையை மாட்டிக்கணும்னு சொல்லுச்சு.

இன்னொண்ணும் செஞ்சு காட்டுச்சு. கையில அந்த நரம்பு போற வழியில விரலால தட்டிக்கிட்டே வரும். ஒரு இடத்துல தட்டுனா சுர்ருன்னு புறங்கையில கரண்டு அடிக்கும். அந்த இடம் வரைக்கும் நரம்பு வந்திருக்குன்னு அர்த்தம். நீலப் பேனாவால ஒரு புள்ளி வைக்கும். அடுத்த மாசம் தட்டுனா புள்ளி கீழ எறங்கியிருக்கும். எனக்கு அந்த வித்தை ரொம்பப் புடிச்சுப் போச்சு. வீட்டுல நானே தட்டிப் பாத்துக்குவேன். எனக்குள்ள ஒண்ணு யாருக்கும் தெரியாம எறங்கி வந்துக்கிட்டிருக்குன்னு தோணும்.

சரி, இதுக்கு நடுவுல மெஸ் நடக்கணுமே. எனக்குக் கை இல்ல. அதனால வாசல்ல டோக்கன் மேசையில உக்கார வச்சாங்க. பசங்க அட்டையைக் குடுப்பானுங்க, இடது கையால ஒரு ஓட்டை போட்டுத் திருப்பிக் குடுக்கணும். ஒரு நாற்காலி, கை வச்ச பிளாஸ்டிக் நாற்காலி. தலைக்கு மேல ஃபேன். மூணு மணிக்கு மேல வாசல் வழியா வெயில் வந்து கால்ல விழும், அப்ப நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கணும். அதுதான் எனக்கு இருந்த பெரிய வேலை. மத்தியானச் சாப்பாட்டை உக்காந்து சாப்பிட்டேம்மா. பேப்பர் படிச்சேன். பத்தொம்பது வருஷமா அந்தப் பசங்களோட தட்டைத்தான் பாத்திருக்கேன், மூஞ்சியைப் பாத்ததே இல்ல. இப்பப் பேர் சொல்லிக் கூப்பிடுறேன். ஒருத்தன் பரிச்சைக்குப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து சொல்லிட்டுப் போவான்.

நான் உக்காந்துட்டேன்னா நானூறும் யார் தேய்க்கிறது? சுகந்திதான். எளையவ, ஒடம்புல தெம்பு இருக்கு, செய்யட்டுமேன்னு நெனச்சேன். அவளும் செஞ்சா. ஆனா கொஞ்சம் அக்கறை கெட்டவம்மா. எனக்குச் சாப்பாடு வைக்கிறது அவதான். மொதல்ல எல்லாம் டம்ளரு, தட்டு, எல்லாத்தையும் நல்லபடியா எடது பக்கம்தான் வைப்பா. தீவாளி சமயத்துல என்ன ஆச்சோ, எல்லாத்தையும் வலது பக்கம் வைக்க ஆரம்பிச்சுட்டா. கை வராதவளுக்குத் தண்ணியை வலது பக்கம் வைக்கிறாளே, கண்ணு எங்க இருக்கு இவளுக்குன்னு நெனச்சுக்குவேன். வாயத் தொறந்து சொன்னதில்ல. எடது கையை நீட்டி எட்டி எடுத்துக்குவேன். நான் அப்படித்தான், யாரையும் கடிஞ்சு பேசுறது கெடையாது.

இன்னும் கூப்பிடலை, உக்காருங்க. அது வேற ரூமு.

உங்களை நான் இனிமே பாக்கப் போறதில்ல. அதனால ஒண்ணு சொல்றேன். என்னை என்ன வேணா நெனச்சுக்குங்க.

ஐப்பசியில, தீவாளிக்குப் பத்து நாள் இருக்கும். மழை. மேசையில உக்காந்திருக்கேன். இந்தக் கை மேல ஒரு ஈ உக்காந்துச்சு. ஓட்டணும்னு நெனச்சேன். அவ்வளவுதான் நெனச்சேன். மணிக்கட்டு எந்திரிச்சுச்சு.

ஈ பறந்து போயிருச்சு. கை மேல நிக்குது. எனக்கு என்ன வந்திருக்கணும் சொல்லுங்க, சந்தோசம் வந்திருக்கணும். வரலை. பயம் வந்துச்சு. யாராச்சும் பாத்துட்டாங்களான்னு சுத்திப் பாத்தேன். பின்னால தொறந்த கதவு வழியா, உள்ள பலகையில கட்டை உருள்ற சத்தம் கேக்குது. கையை மெதுவா மடியில படுக்க வச்சேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். நாளைக்கு ஆச்சு. தீவாளி முடியட்டும்னு நெனச்சேன். தீவாளியும் முடிஞ்சுச்சு. இப்பத் தை மாசம் முடியப் போகுது.

பாருங்க. இதோ. போதும், கீழ வச்சுக்கிறேன். அவ வந்துருவா.

பொய்யாத் தொங்கவிடுறது நெஜமாத் தொங்குறதைவிடக் கஷ்டம்மா. நெஜமாத் தொங்குனப்ப அது பாட்டுக்குத் தொங்குச்சு, நான் பாட்டுக்கு இருந்தேன். இப்ப நாள் முழுக்க ஒரு காவக்காரி மாதிரி இதைப் பாத்துக்கிட்டே இருக்கணும். சோப்பு நழுவுனா புடிக்கக் கூடாது. கொசு கடிச்சாச் சொறியக் கூடாது. தும்மல் வந்தாக் கூட எந்தக் கை வாய்க்குப் போகும்னு யோசிச்சுட்டுத் தும்மணும். தூங்கறதுக்கே பயம், தூக்கத்துல தூக்கிருவேனோன்னு. குளிக்கப் போனா மட்டும் தாழ்ப்பாள் போட்டுட்டு, தண்ணியைத் தொறந்துவிட்டுட்டு, ஒரு பத்து தடவை மேல கீழ ஆட்டுவேன். கட்டைவிரல்தான் கடைசியா வந்துச்சு, மார்கழியில. தினமும் அந்தக் கால் மணி நேரம்தான் என் கை எனக்கு. பயிற்சிக்குப் போறதை நிறுத்திட்டேன். அந்தப் பொண்ணு தட்டிப் பாத்தாக் கண்டுபுடிச்சிரும்ல. போய்ப் பிரயோசனம் இல்லன்னு வீட்டுல சொல்லிட்டேன்.

எங்க வீட்டுக்காரர் இருக்காரே, தெனமும் கடை அடைச்சதும் தைலம் எடுத்துட்டு வந்து உக்காருவார். இந்த விரலை ஒவ்வொண்ணா நீட்டி நீட்டி உருவி விடுவார். வந்துரும், வந்துரும்பார். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு, செத்த கையா விட்டுக் குடுப்பேன். கல்யாணம் ஆகிப் பத்தொம்பது வருஷத்துல என் கையை அவர் அவ்வளவு நேரம் புடிச்சதே இல்ல. அதையும் விட முடியலை. சொல்லிட்டேன், போங்க.

இன்னிக்குத்தான் கை வந்துச்சுன்னு சொல்லிட்டாப் போச்சுன்னு நீங்க நெனக்கிறது தெரியுது. சொல்லலாம். சொன்னா அன்னிக்குச் சாயங்காலமே பலகைக்கு முன்னாடி உக்கார வச்சிருவாங்க. அப்புறம் அங்கேருந்து எந்திரிக்கணும்னா எனக்கு இன்னொரு கை ஒடியணும்.

இதுக்கு நடுவுல சுகந்தி ஆரம்பிச்சா. மார்கழியிலேர்ந்து கையை உதறிக்கிட்டே இருப்பா, ஈரத்தை உதறுற மாதிரி. விரல் மதமதன்னு இருக்குக்காம்பா. டம்ளரைக் கீழ போட்டா. ஒரு நாள் கொழம்புச் சட்டியைப் போட்டா. எனக்கு ஆத்திரமா வந்துச்சு. நடிக்கிறா, என் நாற்காலி மேல கண்ணு வச்சுட்டான்னு நெனச்சேன். எனக்குத் தெரியாதா நடிப்பு. அத்தையும் அதையேதான் சொன்னாங்க, பெரியவ உக்காந்ததைப் பாத்து சின்னவளுக்கும் ஆசை வந்துருச்சுன்னு. நானும் ஆமாம்னு தலையாட்டினேன். அவ எங்க ரெண்டு பேரையும் பாத்தா. திரும்பிப் போய்ப் பலகை முன்னாடி உக்காந்துட்டா.

பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். மத்தியானம், மாவு பிசைய உக்காந்தவ உதற ஆரம்பிச்சா. இன்னிக்கு இவ குட்டை ஒடைச்சிரணும்னு போனேன். குடுடி கையைன்னேன். அந்தப் பொண்ணு எனக்குச் செஞ்ச மாதிரியே, அவ மணிக்கட்டுல உள் பக்கம், நடுவுல, விரலால தட்டினேன். ரெண்டு தட்டுதான். ஆன்னு கையை இழுத்துக்கிட்டா. எங்க சுருக்குதுன்னு கேட்டேன். நடிக்கிறவளா இருந்தா எல்லா விரலும்பா. அவ கையை விரிச்சு ஒவ்வொண்ணாத் தொட்டுக் காட்டினா. கட்டைவிரல். ஆள்காட்டி. நடுவிரல். அப்புறம் மோதிர விரல் மேல கோடு போட்டா.

“இதுல பாதிதான்க்கா. இந்தப் பக்கம் சுருக்குது, சுண்டுவிரல் பக்கம் ஒண்ணும் இல்ல.”

மாடியில அந்தப் பொண்ணு ரூமுல சுவத்துல ஒரு படம் மாட்டியிருக்கும்மா. கையோட படம், நரம்புக்கு ஒரு கலர். அந்த மோதிர விரலு சரியாப் பாதி மஞ்சள், பாதி பச்சை. நாலு மாசம் அதுக்கு எதிர்ல உக்காந்து பாத்திருக்கேன். சுகந்தி அந்த ரூமுக்குள்ள காலே வச்சதில்ல. அவளால அதை எப்படி நடிக்க முடியும். கட்டைவிரல் அடியில ஒரு சதை மேடு இருக்கும் பாருங்க, இது. அவளுக்கு அது பள்ளமாக் கெடந்துச்சு. தெனமும் எனக்குச் சோறு போட்ட கை. நான் பாக்கலை.

ஏழு மாசம். நானூறு நானூறா ஏழு மாசம். அதுல மூணு மாசம் என் கை என்கிட்ட இருந்துச்சு.

மறுநாளே கூட்டிட்டு ஓடி வந்தேன்னு சொன்னா உங்களுக்கு நல்லா இருக்கும். பதினெட்டு நாள் ஆச்சும்மா. முதல்ல அத்தைகிட்ட வெளியாள் போடலாமான்னு திரும்பவும் கேட்டேன். போர்டைக் காட்டினாங்க. எங்க வீட்டுக்காரர்கிட்டக் கேட்டேன். அம்மாகிட்டக் கேளும்மான்னார். அப்புறம் குளிக்கிற ரூமுல பவுடர் டப்பாவைத் தரையில வச்சு உருட்டிப் பாத்தேன், கட்டை மாதிரி. என்னால முடியுமான்னு. இருபது உருட்டுக்கு மணிக்கட்டு நடுங்குது. ஒரு அளவுக்கு மேல பின்னால மடங்கவும் மாட்டேங்குது, இறுகிக் கெடக்கு. அந்தப் பொண்ணு சொல்லுச்சுல்ல. ஒரு நாளைக்கு ஒரு ரவைன்னு அவ்வளவு பாடுபட்டு வந்து சேந்த நரம்பை நானே வாசல்லயே நிக்க வச்சுட்டேன். டப்பாவைப் புடிச்சுக்கிட்டு அங்கயே உக்காந்து அழுதேன். யாருக்காக அழுதேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

இன்னிக்குக் காலேஜ்ல ஏதோ விழா முடிஞ்சு லீவு. நாளன்னிக்குத்தான் தொறக்குறாங்க. இதை விட்டா வேற நாள் கெடைக்காதுன்னு கெளம்பிட்டோம். பஸ் ஸ்டாண்டுலேர்ந்து இங்க வரைக்கும் பையை அவதான் தூக்கிட்டு வந்தா. ரெண்டு தண்ணி பாட்டிலு, சாப்பாடு, பழைய படம் ரிப்போர்ட்டு எல்லாம் இருக்கு, நல்ல கனம். நாலு தடவை கை மாத்தினா, எண்ணிக்கிட்டே வந்தேன். நான் எப்படிம்மா வாங்குவேன், எனக்குத்தான் கை இல்லையே.

அடுத்தது என் நம்பர்தான். காலையிலேர்ந்து அதுதான் ஓடிக்கிட்டிருக்கு. வீட்டுல எல்லாரையும் ஏமாத்திரலாம். உள்ள இருக்குற அம்மா கரண்டை வச்சுட்டுக் கம்ப்யூட்டர்ல கோடு பாக்கும். தசை தானாத் துள்ளும். அதை நான் எப்படிப் புடிச்சு வைக்கிறது. உங்களுக்கு நல்லா வந்துருச்சேன்னு சொல்லி ஃபைல்ல எழுதிரும். எழுதினதை எங்க வீட்டுக்காரர் எழுத்துக் கூட்டியாவது படிச்சிருவார். உள்ள போகாம இப்படியே எந்திரிச்சுப் போயிரலாமான்னும் தோணுது. போனா இவளுக்கு என்ன பதில் சொல்றது. ஒருவேளை அவளுக்கு ஒண்ணும் பெருசா இல்லன்னு சொல்லிட்டா, மாத்திரையோட போயிருச்சுன்னா, எல்லாம் இப்படியே இருக்கலாம்ல. இப்படி ஒரு நெனப்பு வருது பாருங்க. அதான் உங்ககிட்டச் சொல்லிக்கிட்டிருக்கேன்.

கதவு தொறக்குது. அவதான்.

வாடி. என்ன சொன்னாங்க? மெதுவாச் சொல்லு. ரெண்டு கையிலயுமா? வலதுலதான் ரொம்பவா? ஆபரேஷனா. டாக்டரைப் பாக்கச் சொன்னாங்களா. எவ்வளவு நாளு மாவைத் தொடக் கூடாதாம்? சரி. சரி, அழாத. அழுவாம சொல்லு. அத்தை என்ன சொல்வாங்கன்னு இப்ப யோசிக்காத, நான் பாத்துக்கிறேன். அந்த ஃபைலைக் குடு, படிக்கிறேன்.

இந்தப் பக்கம் ஏன்டி நீட்டுற? எடது பக்கம் நீட்டு.

இல்ல. இரு. அப்படியே இரு.

பாத்தீங்களாம்மா, வலது பக்கமா நீட்டுறா. நான் சொல்லலை? டம்ளரு, தட்டு, எல்லாம் அந்தப் பக்கம்தான். தீவாளியிலேர்ந்து. தீவாளியிலேர்ந்து வச்சுக்கிட்டிருக்கா. நான் எட்டி எட்டி எடது கையால எடுத்திருக்கேன், அவ முன்னாடியே.

சுகந்தி. ஈ ஓட்டினப்பவே பாத்துட்டியா?

தலையை மட்டும் ஆட்டுறா. ஏன்டி ஒரு வார்த்தை சொல்லலை? சத்தம் போட்டிருக்கலாம்ல, அத்தைகிட்டச் சொல்லியிருக்கலாம்ல. என்ன? இன்னொரு தடவை சொல்லு.

‘நீயாச்சும் உக்காந்திருந்தியேக்கா’ங்கறா.

இந்தாங்கம்மா, இந்தப் பதினஞ்சாம் நம்பரை நீங்க வச்சுக்குங்க. அப்பாவைக் கூட்டிட்டு உள்ள போங்க, பெரியவர் சாயங்காலம் வரைக்கும் எப்படி உக்காருவார். எனக்குப் பாக்க வேண்டியது ஒண்ணும் இல்ல. ஆமா, இந்தக் கையாலதான் குடுக்கிறேன். வாங்கிக்குங்க, நடுங்கும், கீழ விழுந்துரப் போகுது.

ஃபைலைக் குடுடி. பையையும் குடு. இதுல மாட்டு, வலதுல. கனமாத்தான் இருக்கும், மாட்டு. நாளன்னிக்குப் பசங்க வந்துருவானுங்க, மூணு மணிக்கு நான் பலகையில உக்காந்துக்கிறேன். மொத நாள் நூறு தேறுனாலே பெருசு, மிச்சப் பேருக்கு ராத்திரியும் சோறு போடட்டும் நம்ம அத்தை. நீ அந்த நாற்காலியில போய் உக்காரு. ஆணியில பேப்பர் தொங்கும், எடுத்துப் படி. மூணு மணிக்கு மேல வெயில் வந்து கால்ல விழும், அப்ப கொஞ்சம் சுவரோரமாத் தள்ளிப் போட்டுக்க.